தாளம் கேட்டு நடக்கலாமா?

மூளை முடக்குவாதம் உள்ள பலருக்கும் சிறுவயதில் கிடைத்த இயன்முறை சிகிச்சை, பெரியவர்களானதும் நின்றுபோகிறது. நடை தளர்கிறது, விழுந்துடுவோமோ என்ற பயமும் சேர்கிறது. உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ இப்படி இருக்கிறதா? கையிலுள்ள ஸ்மார்ட்போன் உதவலாம்.

சீரான தாளம், அடுத்த அடியை எப்போ வைக்கணும்னு மூளைக்கு முன்கூட்டியே சொல்கிறது. இதைச் சிகிச்சை முறையாக 1990-களில் வளர்த்தவர், அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மைக்கேல் தாவுட்.

செய்வது எப்படி?

1. வழக்கம்போல 30 விநாடி நடந்து, அடிகளை எண்ணுங்க. 40 அடி என்றால் நிமிடத்துக்கு 80.

2. மெட்ரோனோம் செயலியில் 80 என வையுங்கள். ஒவ்வொரு ஒலிக்கும் ஓர் அடி. அதே வேகப் பாட்டும் போதும்.

3. பழகியபின், சிகிச்சையாளர் சம்மதித்தால் மட்டும் 84.

கவனம்: சமதளத்தில், துணையோடு நடங்க. சாலையில் இயர்போன் வேண்டவே வேண்டாம். வலித்தால் நிறுத்துங்க.

எல்லோருக்கும் ஒரே பலன் கிடைக்காது. இது சிகிச்சைக்கு மாற்றும் அல்ல. அதனால் முதலில் இயன்முறை சிகிச்சையாளரைப் பாருங்கள். வெளியே போக முடியாதவர்களுக்கு, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்க.