கணக்குக்குக் கட்சி உண்டா?



நம்ம பக்கத்துல "பிரசிடென்ட்" என்று சொன்னால் டெல்லியில் இருக்கும் குடியரசுத் தலைவர் யாருக்கும் ஞாபகம் வரமாட்டார். ஊராட்சி மன்றத் தலைவர்தான் வருவார். நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான ஊராட்சிகள். எந்த ஊரிலாவது பிரசிடென்ட் மேல் ஒரு புகார் வந்துவிட்டால் போதும், அந்த ஊர் டீக்கடை இரண்டாகப் பிரிந்துவிடும்.

எங்க ஊரிலும் 2024-ல் அப்படித்தான் நடந்தது. தெருவிளக்குக் கணக்கில் பிரசிடென்ட் பணம் எடுத்துவிட்டார் என்று புகார். "பாதி லைட்டு பொய்க்கணக்கு" என்றார் பெரியப்பா. "ஒரு பைசா தப்பு கிடையாது, எல்லாம் வேண்டாதவங்க கிளப்பிவிட்டது" என்றார் எங்கப்பா. ரெண்டு பேரும் வேற வேற கட்சி. சண்டை முற்றி ரெண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது. பெரியப்பா மகளும் நானும் ஒரே வகுப்பு. ஒரே பஸ்ஸில் வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கினோம். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த பில்லை அப்பாவும் பார்க்கவில்லை, பெரியப்பாவும் பார்க்கவில்லை!

அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. தலைவர் மேல் விசாரணை என்றால் என்ன? அரசுப் பணத்துக்கு யார் கணக்குக் கேட்கலாம்? தேடிப் படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கடலுக்கு அந்தப் பக்கம்

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கடற்கரையில் நின்றால் எதிர்ப்பக்கம் இலங்கை. அங்கே நிஜமான ஜனாதிபதி ஒருவருக்கே இது நடந்தது.

2022-ல் இலங்கையில் பெரிய பொருளாதார நெருக்கடி. பெட்ரோலுக்கும் கேஸுக்கும் ஜனங்கள் நாள் கணக்கில் வரிசையில் நின்றார்கள். அந்த ஆண்டு ஜூலையில் ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதியானார். 2024 தேர்தலில் தோற்றார். அடுத்த ஆண்டு, 2025 ஆகஸ்ட் 22-ல், போலீசார் அவரைக் கைது செய்தார்கள். இலங்கையில் ஜனாதிபதியாக இருந்த ஒருவர் கைதானது அதுதான் முதல் முறை.

புகார் இதுதான். 2023 செப்டம்பரில் அவர் கியூபாவுக்கும் நியூயார்க்குக்கும் அரசு வேலையாகப் போனார். திரும்பும் வழியில் லண்டனில் இறங்கி, தன் மனைவிக்கு ஒரு பல்கலைக்கழகம் கௌரவம் செய்த விழாவுக்குப் போனார். அது சொந்த விஷயம், அதற்கு அரசுப் பணம் சுமார் 1 கோடியே 66 லட்சம் இலங்கை ரூபாய் செலவானது என்பது குற்றச்சாட்டு. மனைவியின் செலவை அவரே பார்த்துக்கொண்டார், அரசுப் பணம் தவறாகச் செலவாகவில்லை என்பது ரணில் தரப்பின் பதில். ஆகஸ்ட் 26-ல் அவருக்கு ஜாமீன் கிடைத்தது.

உடனே நாடே இரண்டாகப் பிரிந்தது. ஆளும் கட்சிக்காரர்கள், "சட்டத்துக்கு முன் எல்லாரும் சமம்" என்றார்கள். எதிர்க்கட்சிகள் ஒன்றுசேர்ந்து, "இது அரசியல் பழிவாங்கல்" என்றன. ரணிலை எதிர்த்துத் தேர்தலில் நின்ற கட்சிகள்கூட அந்தப் பக்கம் சேர்ந்துகொண்டன.

நண்பர்களே, இந்த ரெண்டு வாக்கியத்தையும் நன்றாகப் பாருங்கள். லண்டன் செலவு சரியா தப்பா என்பதற்கு இரண்டிலுமே பதில் இல்லை! பழிவாங்கும் எண்ணத்தோடு போட்ட வழக்கிலும் உண்மை இருக்கலாம். நல்ல எண்ணத்தோடு போட்ட வழக்கும் பொய்யாகலாம். அதைச் சொல்லவேண்டியது பயணச் சீட்டும் பில்லும் சாட்சியும்தான்.

அமெரிக்காவிலும் இதே கதை

உக்ரைன் நாட்டுக்குக் கொடுக்கச் சொல்லி அமெரிக்க நாடாளுமன்றம் ஒதுக்கிய உதவிப் பணத்தை, 2019-ல் அதிபர் டிரம்ப் நிறுத்திவைத்தார். சுமார் 39 கோடி டாலர். தன் அரசியல் போட்டியாளரை விசாரிக்கும்படி உக்ரைனை நெருக்கவே அப்படிச் செய்தார் என்பது குற்றச்சாட்டு. அவர் மறுத்தார். பணத்தை நிறுத்தியது சட்டத்துக்கு விரோதம் என்று அரசுக் கணக்கைப் பார்க்கும் அலுவலகம் 2020 ஜனவரியில் சொன்னது. பிப்ரவரியில் செனட் சபையில் ஓட்டெடுப்பு நடந்தது. அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்ற குற்றச்சாட்டில், அவருடைய கட்சியின் 53 பேரில் ஒருவர்தான், மிட் ராம்னி என்பவர், அவருக்கு எதிராக ஓட்டுப் போட்டார். மற்றவர்கள் எல்லாரும் கட்சி பார்த்தே போட்டார்கள். டிரம்ப் தப்பினார். படித்தவர்கள் கூடிய சபையே அப்படியென்றால் எங்க ஊர் டீக்கடையை என்ன சொல்ல!

தலைவரை எப்போது விசாரிக்கலாம்?

இலங்கையில் ஜனாதிபதி பதவியில் இருக்கும்வரை அவர் மேல் வழக்குப் போட முடியாது. அதனால்தான் பதவி போன பிறகு விசாரணை வந்தது. நம் நாட்டிலும் அரசியலமைப்பின் 361-ஆம் பிரிவுப்படி, குடியரசுத் தலைவர் மேலும் ஆளுநர் மேலும் பதவிக்காலத்தில் குற்ற வழக்கு நடத்த முடியாது. பிரதமருக்கும் முதலமைச்சருக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை.

நம்ம ஊர் பிரசிடென்டுக்கும் இல்லை! தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-ல் 205-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் எழுதிக் கொடுத்தாலோ, கலெக்டர் தாமாகவோ நடவடிக்கை தொடங்கலாம். ஆனால் உடனே பதவியைப் பறிக்க முடியாது. முதலில் குற்றச்சாட்டை எழுதி நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்கவேண்டும். விளக்கம் திருப்தி இல்லை என்றால் தாசில்தார் கூட்டம் போட்டு உறுப்பினர்களின் கருத்தைக் கேட்பார். அதன் பிறகுதான் கலெக்டரின் முடிவு.

இவ்வளவு படி எதற்கு? பொய்ப் புகாரில் நல்லவர் பதவி போய்விடக்கூடாது. உண்மைப் புகாரும் அமுங்கிவிடக்கூடாது. விசாரணை என்பது தண்டனையும் அல்ல, மன்னிப்பும் அல்ல. கேள்வி கேட்பது, அவ்வளவுதான்.

இன்னொரு செய்தி. ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது. சின்னம் இல்லாத தேர்தலில் ஜெயித்தவருக்காகத்தான் நாம் கட்சிச் சண்டை போடுகிறோம்!

நாம் எங்கே கேட்பது?

1. ஊராட்சியில் பிரசிடென்ட் மட்டும் தனியாகச் செக் போட முடியாது. துணைத் தலைவரும் கையெழுத்துப் போடவேண்டும். ஆகவே "யார் யார் கையெழுத்து?" என்று கேட்கலாம்.

2. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை கிராம சபை நாட்கள். ஊர் வாக்காளர் யாரும் எழுந்து வரவு செலவைக் கேட்கலாம்.

3. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டால் 30 நாளில் பதில் தரவேண்டும்.

எங்க ஊர் லைட் என்ன ஆச்சு?

2024 ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு முந்தின நாள் சாயங்காலம், பெரியப்பா மகளிடம் நானே போய்ப் பேசினேன். ரெண்டு பேரும் நோட்டை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து எண்ணினோம். 15 லைட் இருந்தது. எங்களுக்கு ஓட்டு இல்லை. அதனால் மறுநாள் சபையில் எங்கம்மாதான் எழுந்து, "சண்டை வேண்டாம், பில்லைப் படிச்சுக் காட்டுங்க" என்றார். பில்லில் 18 இருந்தது. ரெண்டு லைட் ரிப்பேருக்குப் போனதாகச் சீட்டுக் காட்டினார்கள். மீதி ஒன்றுக்குப் பதில் இல்லை. அதை நோட்டில் எழுதவைத்தார்கள்.

பாதி பொய்க்கணக்கு என்ற பெரியப்பாவும் தப்பு. ஒரு பைசா தப்பில்லை என்ற எங்கப்பாவும் தப்பு. அந்த ஒரு லைட்டுக்குக் கடைசிவரை பதில் வரவில்லை. 2025 ஜனவரி 5-ல் பிரசிடென்டின் பதவிக்காலமும் முடிந்துவிட்டது. ஆனால் 18, 15, 2, 1 என்ற எண்களை வைத்துக்கொண்டு யாராலும் கட்சிச் சண்டை போட முடியவில்லை. இப்போது ரெண்டு வீட்டிலும் பேசிக்கொள்கிறார்கள். லைட்டைப் பற்றி மட்டும் பேசுவதில்லை!

"ஆத்துல போட்டாலும் அளந்து போடு" என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். அரசுப் பணம் நம் வீட்டில் தீப்பெட்டி வாங்கும்போதுகூடக் கட்டுகிற வரிப் பணம். எனவே நண்பர்களே, இனி ஒரு தலைவர் மேல் புகார் என்று கேட்டால், "அவர் எந்தக் கட்சி?" என்று முதலில் கேட்காதீர்கள். "எவ்வளவு பணம்? எதற்காக ஒதுக்கியது? யார் கையெழுத்து?" என்று கேளுங்கள். நமக்குப் பிடித்த தலைவராக இருந்தால் இரண்டு தடவை கேளுங்கள்!



பதினொன்றாம் வகுப்பு மாணவி