மாலி அல்மேதாவின் ஏழு இரவுகளும் பெரியம்மாவின் கேள்வியும்

பேய், மறு உலகம், திறக்க முடியாத கதவு, நிழல் இல்லாத மனிதன் என்று வரும் நாவல்களை நம்மில் பலர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கி விடுகிறோம். போரைப் பற்றி எழுதுவதென்றால் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும், அதில் மாயத்துக்கு என்ன வேலை என்று லிந்துலையில் என் நண்பர்களும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கண்ணால் கண்டவர்களின் சாட்சியமே இன்னும் ஏற்கப்படாத நாட்டில் கற்பனைக் கதை யாருக்கு வேண்டும்? ஆனால் அண்மையில் அடுத்தடுத்து வாசித்த சில நாவல்கள் என்னை வேறு விதமாக யோசிக்க வைத்திருக்கின்றன.

முதலாவது, ஷெஹான் கருணாதிலக எழுதி 2022இல் புக்கர் பரிசு பெற்ற 'த செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மேதா'. கொழும்பிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கொண்டு வந்து தந்தார். தலவாக்கலை வரை போனாலும் இப்படிப்பட்ட புத்தகம் வாங்க நமக்குக் கடை கிடையாது. கைபேசியில் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு, மெதுவாக, மூன்று வாரத்தில் முடித்தேன்.

கதை 1990ஆம் ஆண்டுக் கொழும்பில் நடக்கிறது. மாலி ஒரு போர்ப் புகைப்படக்காரன். கதை தொடங்கும்போதே அவன் செத்துப் போயிருக்கிறான். உடல் பெய்ரா வாவியில் கிடக்கிறது. தன்னைக் கொன்றது யாரென்று அவனுக்குத் தெரியாது. மறு உலகம் என்பது சொர்க்கமும் இல்லை, நரகமும் இல்லை, ஒரு அரசாங்கக் கந்தோர். வரிசை, படிவம், பதில் சொல்ல ஆளில்லாத கருமபீடம். ஏழு இரவுகளுக்குள் அவன் ஒளிக்குள் போய்விட வேண்டும். அதற்கு முன், கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்த படங்களைத் தன் நண்பர்கள் கண்டெடுக்கும்படி செய்ய வேண்டும். 1983 கலவரத்தில் எடுத்த படங்களும் அதில் உண்டு.

செத்தவர்கள் வரிசையில் நிற்கும் அந்தப் பக்கங்களில் பலமுறை சிரித்தேன். சிரித்து முடித்ததும் வயிற்றைப் பிசைந்தது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் உயிரோடு நின்ற வரிசைகளை நாம் பார்த்திருக்கிறோம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் உட்கார்ந்தவர்கள் எத்தனை படிவம் நிரப்பியவர்கள்! அதே வரிசையைச் செத்தவர்களின் பக்கத்திலிருந்து காட்டுகிறார் இந்த எழுத்தாளர். நேரடியாக எழுதியிருந்தால் இன்னொரு அறிக்கையாகப் போயிருக்கக்கூடியது, இங்கே தைக்கிறது.

குறையும் உண்டு. எங்களுக்குக் காளி கும்பிடும் தெய்வம். இந்த நாவலில் மகாகாளி ஆவிகளை விழுங்கும் பூதம். எனக்கு அது ஒட்டவில்லை. தேயிலைத் தோட்டத்து ஆள் ஒருவர்கூட என் மனதில் நிற்கவுமில்லை.

மாய உலகம் நமக்கு அந்நியம் என்று யாரும் சொல்ல முடியாது என்பதையும் இடையில் சொல்லிவிடுகிறேன். தேயிலைத் தொழிற்சாலை ரோதையில் கை சிக்கிவிடக் கூடாது என்று ரோதை முனிக்குப் பூசை வைத்தவர்கள் நாம். கவ்வாத்து வெட்டும் காலத்தில் கவ்வாத்துச் சாமி. காமன் கூத்தில் எரிந்து போன மன்மதனுக்காக ரதி அழும்போது, லயத்துப் பெண்கள் தங்கள் வீட்டுச் சாவை நினைத்து அழுவதைப் பார்த்திருக்கிறேன். அது கதை என்று எல்லோருக்கும் தெரியும். கண்ணீர் மட்டும் கதைக்காக வந்ததல்ல.

மாலியின் கதையை ஒரு மாலையில் அடுப்படியில் பெரியம்மாவுக்குச் சொன்னேன். அவர் குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு, தோட்டங்களிலிருந்து போன பலரையும் போல, வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறியது. 2009 மே மாதத்துக்குப் பிறகு மகனைப் பற்றித் தகவல் இல்லை. இப்போது எங்களோடு இருக்கிறார். ஆவிகள் தாங்கள் உயிரோடும் உடலாகவும் இருந்த இடங்களுக்குப் போகலாம், யாராவது பெயர் சொன்னால் அங்கேயும் போகலாம் என்று நாவலில் ஒரு விதி வருகிறது. அதைக் கேட்டதும் பெரியம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

"பேரு சொன்னா வந்துருமாடா சாமி? நான் தெனமும் வெளக்கு வைக்கிறப்ப அவன் பேரச் சொல்றேன். ஒரு நாளும் வந்ததில்ல. அப்ப அவன் சாகலன்னுதானே அர்த்தம்?"

நான் பதில் சொல்லவில்லை. அந்த நாவலைப் பற்றிய மதிப்புரைகளில் நான் காணாத ஒன்றை அவர் தொட்டுவிட்டார். மாலி செத்துவிட்டான் என்பது முதல் பக்கத்திலேயே உறுதி. அந்த உறுதி இருந்தால்தான் கதையே நகரும். நம் குடும்பங்களில் எத்தனை பேருக்கு அந்த உறுதி கிடைத்திருக்கிறது?

இந்த இடத்தில் வஜ்ர சந்திரசேகரவின் 'த செய்ன்ட் ஒஃப் பிரைட் டோர்ஸ்' எனக்கு இன்னும் நெருக்கமாக வந்தது. 2023இல் வெளியாகி நெபியுலா விருது பெற்ற நாவல். நாயகன் பெயர் 'தளை' என்று பொருள்படும். புத்தரின் மகன் ராகுலனின் பெயருக்கும் அதே பொருளைச் சொல்வார்கள். தற்செயல் அல்ல. பிறந்தவுடன் தாய் அவனுடைய நிழலைப் பிய்த்தெடுக்கிறாள். புனிதராகக் கொண்டாடப்படும் தந்தையைக் கொல்ல அவனைப் பழக்குகிறாள். அவன் வந்து சேரும் நகரத்தில் சில கதவுகள் ஒளிர்கின்றன. அவற்றைத் திறக்க முடியாது. மறுபக்கம் என்று ஒன்றும் கிடையாது. ஆனாலும் அவற்றின் முன் ஆட்கள் நின்றுகொண்டே இருக்கிறார்கள்.

கற்பனை நகரம்தான். ஆனால் மதத்தின் பெயரால் கிளப்பப்படும் கலவரம், முகாம், ஆளை இனமும் சாதியும் பார்த்துப் பிரிக்கும் காகிதம் எல்லாம் அங்கே உண்டு. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964இல் ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரம் பேர் என்று கணக்குப் போட்டு இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானிக்கப்பட்ட சனங்களின் பேரப்பிள்ளைக்கு அந்தக் காகிதங்களை விளக்க வேண்டியதில்லை. சிங்கள எழுத்தாளர் ஒருவர் தன் சமூகத்தின் புனிதங்களை இவ்வளவு துணிவாகக் கேள்வி கேட்பது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது. நடுப்பகுதி இழுவைதான். பொறுத்துக்கொண்டு வாசிக்கலாம்.

மாயம் இல்லாத பக்கத்தில், வி.வி. கணேசானந்தனின் 'பிரதர்லெஸ் நைட்' இரண்டு இரவு தூங்க விடவில்லை. 1981 யாழ்ப்பாணத்தில் தொடங்கும் ஒரு மருத்துவ மாணவியின் கதை. 2024இல் பெண்கள் புனைவுப் பரிசு பெற்றது. 1989 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட ராஜினி திராணகமவின் சாயலில் இதில் ஒரு பாத்திரம் வருகிறது. மாலியின் மறு உலகத்திலும் அவருடைய சாயலில் ஒருவர் வருகிறார், வெள்ளை உடுத்தி, செத்தவர்களுக்கு வழிகாட்டிக்கொண்டு. ஒரே பெண்ணை ஒருவர் உயிரோடும் மற்றவர் செத்த பிறகும் எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்து வாசியுங்கள் என்றே சொல்வேன்.

ஆங்கிலத்தில் வந்தால்தான் உலகம் கவனிக்கிறது என்ற எரிச்சலும் எனக்கு உண்டு. வன்னியை எழுதிய சயந்தனின் 'ஆதிரை' தமிழில்தான் இருக்கிறது. 2022இல் மறைந்த தெளிவத்தை ஜோசப்பின் 'குடை நிழல்', கொழும்பில் வாழும் தமிழர் ஒருவர் சந்தேகத்தின் பேரில் கைதாவதைச் சொல்கிறது. பேயும் இல்லை, பூதமும் இல்லை. ஆனால் வீட்டுக் கதவு தட்டப்படும் இடத்தில் எனக்கு வந்த பயம், மகாகாளி வரும் பக்கங்களில் வரவில்லை. பழைய மலையக நூல்கள் பலவற்றை 'நூலகம்' இணையத்தளத்தில் காசில்லாமல் வாசிக்கலாம். சிக்னல் கிடைத்தால்.

'குடை நிழல்' இப்போது என் கையில் இல்லை. பக்கத்து லயத்தில் உயர்தரம் படிக்கும் தங்கச்சி வாங்கிப் போனாள். பரீட்சை முடிந்த பிறகுதான் தருவாளாம்.