அடிவண்டி – 9: கியர்பாக்ஸைத் தாங்கும் கிராஸ் மெம்பர்

போன வாரம் கிளட்ச் பிளேட்டைப் பார்த்தோம். ஜீப் போன்ற வண்டிகளில் அந்த பிளேட்டைத் தொட கியர்பாக்ஸ் இறங்க வேண்டும். கியர்பாக்ஸ் இறங்க, அதன் வால்பக்கத்துக்கு அடியில், சேஸின் இரண்டு நீளச் சட்டங்களுக்கும் குறுக்கே போல்ட் போட்டு நிற்கும் கிராஸ் மெம்பர் கழன்றாக வேண்டும். நாலு போல்ட் வேலைதானே என்று பல பட்டறைகளில் இதைப் புதிதாகச் சேர்ந்த பையனிடம் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஒரு காலத்தில் இன்ஜினைச் சேஸோடு நேரடியாக முடுக்கிவிடுவார்கள். நாலு சிலிண்டர் அதிர்வு அத்தனையும் உட்கார்ந்திருப்பவர் உடம்பில் இறங்கும். 1931-ல் கிரைஸ்லர் நிறுவனம் தன் பிளிமத் காரில் 'ஃபுளோட்டிங் பவர்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. முன்னால் உயரத்தில் ஒரு ரப்பர் தாங்கி, பின்னால் கியர்பாக்ஸுக்கு அடியில் தாழ்வாக இன்னொன்று. இரண்டையும் சேர்க்கும் கோடு எடை மையத்தின் வழியாகப் போகும். அந்தக் கோட்டைச் சுற்றி இன்ஜின் அசைந்துகொள்ளும். அதிர்வின் பெரும்பகுதி சேஸுக்கு வராது. இன்றைய பின்சக்கர இழுவை வண்டிகளில் பெரும்பாலும் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. பின்னால் இருப்பது உட்காரும் இடம்தான் கிராஸ் மெம்பர்.

அதனால், கழற்றும் முன் எடையை வேறொன்றிடம் ஒப்படைக்க வேண்டும். வண்டி ஸ்டாண்டில் நிற்கட்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது. கியர்பாக்ஸுக்கு அடியில் பலகை வைத்து இன்னொரு ஜாக்கியை ஏற்றி, ரப்பர் மேலிருந்த பாரம் குறைந்ததும் நிறுத்துங்கள். தாங்கல் இல்லாமல் கிராஸ் மெம்பரை உருவினால் இன்ஜின் பின்பக்கம் சாயும்: ஃபேன் ரேடியேட்டர் கூண்டில் இடிக்கும், ஹோஸ் இழுபடும். ஃபோர் வீல் ஜீப்பில் டிரான்ஸ்பர் கேஸ் ஒரு பக்கமாகக் கனப்பதால், மொத்தமும் அந்தப் பக்கம் புரளப் பார்க்கும்.

துருவும் லேசுப்பட்டதல்ல. 1997 முதல் 2006 வரை வந்த ஜீப் ராங்லரில் கிராஸ் மெம்பரே அடித்தகடாகவும் வேலை செய்கிறது. அதன் நட்டுகள் சேஸ் சட்டத்துக்குள் பதித்தவை. துருப்பிடித்த போல்ட்டை ஸ்பேனரில் பைப் மாட்டி முரட்டுத்தனமாகத் திருகினால் உள்ளே நட்டும் சேர்ந்து சுற்றும். பிறகு கேஸ் கட்டிங்தான். முந்தின இரவே எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். மறுநாள் கால் சுற்று கழற்றி, கொஞ்சம் திருப்பி முடுக்கி, மறுபடி கழற்றி, நிதானமாக வெளியே கொண்டுவாருங்கள்.

பெரும்பாலோர் கோட்டைவிடுவது திரும்பப் போடும்போது. முதலில் ரப்பர் மவுண்டிங்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரும்புத் தகட்டிலிருந்து ரப்பர் விட்டிருந்தாலோ, ஆயிலில் ஊறி உப்பியிருந்தாலோ மாற்றியே தீர வேண்டும். தொலைந்த போல்ட்டுக்குப் பதில் கடையில் கிடைத்ததைப் போடாதீர்கள். பழைய போல்ட்டின் தலையில் 8.8 என்றிருந்தால் புதியதிலும் அது இருக்க வேண்டும்.

எல்லா போல்ட்டையும் கையாலேயே நாலைந்து புரி ஏற்றுங்கள். எதையும் முழுதாக முடுக்க வேண்டாம். ஜாக்கியைத் தளர்த்தி எடை ரப்பர் மேல் உட்கார்ந்த பிறகு சேஸ் போல்ட்டுகளை முடுக்குங்கள். மவுண்டிங் நட்டு கடைசியில். ஒவ்வொன்றாக முடுக்கிக்கொண்டே போய், பொருந்தாததைக் கடப்பாரையால் நெம்பிப் போட்டால், ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடக்கும். சிக்னலில் வண்டி நிற்கும்போது சீட் நடுங்கும்.

கிளட்ச் வேலை முடிந்து வண்டியை எடுக்கப் போகிறவர்கள், பில்லைக் கொடுக்கும் முன் ஒரு டார்ச்சை வாங்கி அடியில் குனிந்து பாருங்கள். ஒரு போல்ட் ஓட்டை காலியாக இருந்தாலும் வண்டியை எடுக்காதீர்கள்.

(தொடரும்)