இல்லாத தத்துப் பத்திரத்தைத் தேடாதீர்கள்

இங்கிலாந்தில் வேர் உள்ள குடும்பங்கள் தங்கள் வம்சாவளியைத் தேடும்போது ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இடறுகின்றன. 1880 வாக்கில் பிறந்த கொள்ளுப்பாட்டியை யாரோ எடுத்து வளர்த்தார்கள் என்று வீட்டில் ஒரு பேச்சு இருக்கும். உடனே தத்தெடுப்புக் கோப்பு கேட்டு சவுத்போர்ட்டில் உள்ள பொதுப் பதிவு அலுவலகத்துக்கு எழுதுவார்கள். அப்படி ஒரு பதிவே இல்லை என்று பதில் வரும். மனம் தளர்ந்து தேடலையே கைவிடுவார்கள்.

அந்தக் கோப்பு எந்தக் காலத்திலும் எழுதப்படவே இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தத்தெடுப்புக்குச் சட்டம் வந்ததே 1926இல்தான். அது நடைமுறைக்கு வந்த நாள் 1927 ஜனவரி 1. விக்டோரியா ஆண்ட 1837 முதல் 1901 வரை ஒரு குழந்தையைக் கைமாற்ற நீதிமன்றமும் தேவைப்படவில்லை, பத்திரமும் தேவைப்படவில்லை. மணமாகாத மகள் பெற்றதைப் பாட்டியே தன் பிள்ளையாக வளர்த்தாள். பத்திரிகை விளம்பரம் பார்த்து முன்பின் தெரியாதவர்களும் வாங்கிப்போனார்கள். குடும்பப்பெயரை மாற்றிக்கொள்ளவும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இது தெரியாமல் எழுதப்படும் ஒவ்வொரு விண்ணப்பமும் வீண்.

எழுத்தாளர் எட்கர் வாலஸின் கதை இதற்குச் சரியான பாடம். 1875 ஏப்ரல் 1 அன்று கிரீனிச்சில் பிறந்த அவரை, பிறந்த சில நாட்களிலேயே பில்லிங்ஸ்கேட் மீன் சந்தையில் சுமை தூக்கிய ஜார்ஜ் ஃப்ரீமன் குடும்பம் எடுத்து வளர்த்தது. டிக் ஃப்ரீமன் என்றே அவர் வளர்ந்தார். பெற்ற தாய் பாலி ரிச்சர்ட்ஸ் ஒரு நாடக நடிகை. பிறப்புப் பதிவில் தந்தை என்று அவர் எழுதவைத்த ‘வால்டர் வாலஸ்’ ஒரு கற்பனை ஆள். உண்மையான தந்தை ரிச்சர்ட் ஹொரேஷியோ மாரியட் எட்கர் என்ற நடிகர். குழந்தைக்குத் தாய் வைத்த பெயர் என்ன தெரியுமா? ரிச்சர்ட் ஹொரேஷியோ எட்கர். தந்தைக்கான கட்டத்தில் பொய்; குழந்தையின் பெயரில் உண்மை. வம்சாவளியில் வேறெங்கும் காணாத ஒரு பெயர் குழந்தையின் முதற்பெயராகவோ நடுப்பெயராகவோ வந்தால் அதை அலட்சியம் செய்யாதீர்கள்.

தேடலை மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தொடங்குவதே முறை. 1851 முதல் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதும், எந்த ஊரில் பிறந்தவர் என்பதும் எழுதப்பட்டன. தத்து மகள், கூலிக்கு வளர்க்கவிட்ட பிள்ளை, சில வேளை வெறும் விருந்தாளி என்றுகூட இருக்கும். ஒரே ஒரு கணக்கெடுப்பைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. பத்தாண்டுக்கு ஒருமுறை உறவு மாறும், குடும்பப்பெயர் மாறும். பிறந்த ஊர் பெரும்பாலும் மாறாது. அந்த ஊர்தான் பிடிமானம். 1911 கணக்கெடுப்பில் மணமான பெண்களிடம் அப்போதைய மணவாழ்வில் எத்தனை குழந்தை பெற்றீர்கள் என்றும் கேட்டார்கள். வளர்த்த தாய் அங்கே ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லியிருந்தால், வீட்டில் சொல்லிவந்த கதை வலுப்பெறுகிறது.

அடுத்தது பொதுப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணை. வளர்த்தவர்களின் குடும்பப்பெயரில் மட்டும் தேடி ஏமாறுபவர்களே அதிகம். பிறப்பு பெரும்பாலும் பெற்றவள் பெயரில்தான் இருக்கும். இந்த அட்டவணையில் 1837 முதலே தாயின் கன்னிப்பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. மணமாகாத தாய் என்றால் அந்தக் கட்டம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். பிழை என்று நினைத்து அதைத் தாண்டிப் போகிறார்கள். பிள்ளைக்கு அங்கே இருக்கும் குடும்பப்பெயரே தாயின் பெயர். பதிவு செய்ய 42 நாள் அவகாசம் இருந்ததால் டிசம்பரில் பிறந்த குழந்தை அடுத்த ஆண்டின் முதல் காலாண்டில் கிடக்கலாம். ஆண்டு, காலாண்டு, பதிவு மாவட்டம், தொகுதி, பக்கம் ஆகிய ஐந்தையும் குறித்துக்கொண்டு அந்த அலுவலகத்திடமே நேரடியாகச் சான்றிதழ் கேளுங்கள். இடைத்தரகு இணையதளங்கள் இதே காகிதத்துக்குக் கூடுதலாகக் கறக்கின்றன. 1875க்கு முந்திய பிறப்புகளில் பல பதிவாகவே இல்லை. அப்போது அந்த ஊர்த் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடுதான் கதி.

சான்றிதழ் கைக்கு வந்ததும் அதில் உள்ள தந்தை பெயரை அப்படியே வம்சாவளியில் ஏற்றாதீர்கள். திருமணச் சான்றிதழில் வரும் தந்தை பெயரையும் நம்பிவிடாதீர்கள். வளர்த்தவர் பெயரைச் சொன்னவர்கள் உண்டு, மானத்துக்கு அஞ்சி ஒரு பெயரை உருவாக்கியவர்களும் உண்டு. பதிவாளர்கள் சொன்னதை எழுதிக்கொண்டார்களே தவிர, ஆதாரம் கேட்கவில்லை. இணையத்தில் யாரோ ஏற்றிய வம்ச மரத்தை நகலெடுத்து ஒட்டுவதோ இதைவிடப் பெரிய கேடு. ஒருவர் செய்த ஊகம் அதன்பின் எல்லார் வீட்டிலும் தாத்தாவாகிவிடுகிறது.

தந்தையைப் பிடிக்க நம்பகமான காகிதம் வேறொன்று இருக்கிறது. 1872 சட்டப்படி மணமாகாத தாய் உள்ளூர் நீதிபதிகளிடம் முறையிட்டு, தந்தையிடமிருந்து வாரம் 5 ஷில்லிங் வரை பெற முடிந்தது. இந்த வழக்குகளின் பதிவேடுகள் தப்பிப் பிழைத்த இடங்களில் கவுண்டி ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. எந்தக் காப்பகத்தில் எது உள்ளது என்பதைத் தேசிய ஆவணக்காப்பகத்தின் இணையப் பட்டியல் காட்டும். கேட்கும்போது பொத்தாம்பொதுவாக ‘என் பாட்டியைப் பற்றி ஏதாவது உண்டா’ என்று எழுதினால் பொத்தாம்பொதுவான பதில்தான் வரும். தாயின் பெயர், ஊர், குழந்தை பிறந்ததிலிருந்து ஓராண்டு என்று காலத்தைக் குறுக்கி எழுதுங்கள். அதே நாட்களின் உள்ளூர் செய்தித்தாளும் இந்த வழக்குகளைப் பெயரோடு அச்சிட்டது. வளர்த்தவர்களின் உயிலையும் பாருங்கள். வளர்ப்புப் பிள்ளைக்குச் சட்டப்படி வாரிசுரிமை கிடையாது. அதனால் சொத்து கொடுக்க நினைத்தவர்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லியே எழுத வேண்டியிருந்தது. சில உயில்களில் பிறப்புப் பெயரும் சேர்ந்தே கிடைக்கும்.

சென்னையின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு: மதராஸ் தேவாலயப் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில், இந்தியா ஆபீஸ் ஆவணங்களின் என்/2 வரிசையில் இருக்கின்றன.

காகிதம் முடிந்த இடத்தில் டிஎன்ஏ. கொள்ளுப்பாட்டியின் தந்தையிடமிருந்து ஒருவருக்கு வருவது சராசரியாக 6.25 விழுக்காடு, அந்தக் கொள்ளுப்பாட்டியின் பேரனோ பேத்தியோ உயிரோடிருந்தால் அவருக்கு 12.5. ஆகவே வீட்டின் மூத்தவருக்கு முதலில் சோதனை செய்யுங்கள். ஆனால் அவர் சம்மதத்தோடு மட்டும். 2023இல் 23அண்ட்மீ என்ற டிஎன்ஏ சோதனை நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 69 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்தன. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது. தவிர, 140 ஆண்டுக்கு முந்திய ரகசியத்தைத் தேடிப் போனவர்கள், உயிரோடிருக்கும் சித்தப்பாவின் பிறப்பு ரகசியத்தில் போய் முட்டுவதும் நடக்கிறது. எச்சில் குப்பியை அனுப்பும் முன் முடிவு என்ன வந்தாலும் யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாமல் விடுவது என்பதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.