கம்பித் தடுப்புக்குப் பின்னால் ஒலித்த கீதம்



ஞாயிறு திருப்பலியிலே வானவர் கீதத்தைப் பாடகர் குழாத்தோடு இணைந்து நீங்களும் பாடுகின்றீர்கள். அக்கீதத்தின் இலத்தீன் வடிவத்துக்கு ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன்னர் வெனிஸ் நகரத்துக் குருவானவர் ஒருவர் அமைத்த இசை, இன்று உலகின் பேராலயங்களிலும் இசை மண்டபங்களிலும் முழங்குகின்றது. அந்த இசை யாருக்காக எழுதப்பட்டது தெரியுமா? பெற்றோரால் கைவிடப்பட்டு, குடும்பப் பெயர்கூட இல்லாமல், ஓர் இல்லத்தின் மதிலுக்குள் வளர்ந்த பெண்பிள்ளைகளுக்காகவே எழுதப்பட்டது என ஆய்வாளர் கருதுவர். அப்பிள்ளைகளின் கதையை இவ்வாரம் நாம் சற்றுச் சிந்திப்போம்.

வெனிஸ் கடலோரத்திலே 14ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ்கன் துறவி ஒருவர் தொடங்கிய இல்லம் அது. ‘பியெத்தா’ என்பது அதன் பெயர். இரக்கம் என்பது அதன் பொருள். அதன் சுவரிலே, பச்சிளங் குழந்தை ஒன்றை வைக்கத்தக்க அளவில் ஒரு மாடம் அமைந்திருந்தது. வறுமையாலோ ஊராரின் பழிச்சொல்லுக்கு அஞ்சியோ தம் குழந்தையை வளர்க்க இயலாத தாய்மார், இரவிலே வந்து, குழந்தையை அம்மாடத்தில் கிடத்திவிட்டு மறைந்து போவர். சிலர் ஒரு பதக்கத்தையோ நாணயத்தையோ படத்தையோ இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் குழந்தையோடு வைத்துவிட்டு, மறுபாதியைத் தம்மோடு கொண்டு செல்வர். என்றாவது ஒருநாள் திரும்பி வந்தால், “இது என் பிள்ளை” என்று நிறுவுவதற்கு அதுவே சான்று. மறுபாதி வந்து சேராத அத்துண்டுகள் இன்றும் அங்கு பேணப்படுகின்றன. அவற்றைப் பார்ப்பவர் எவரும், பெற்ற மனம் பிள்ளையை எளிதில் துறப்பதில்லை என்பதை உணர்வர்.

அதே சுவரிலே ஒரு கல்வெட்டும் உண்டு. பிள்ளையை வளர்க்கும் வசதி இருந்தும் இங்கே கொண்டுவந்து விடுவோர் இறைவனின் சாபத்துக்கும் திருச்சபையின் விலக்குக்கும் ஆளாவர் என்று திருத்தந்தை மூன்றாம் பவுலின் 1548ஆம் ஆண்டு ஆணையைக் கூறி அது எச்சரிக்கின்றது. ஒருபுறம் கேள்வி எதுவுமின்றிக் குழந்தையை ஏற்கும் மாடம்; மறுபுறம் கடமை தவறும் பெற்றோரைக் கடிந்துகொள்ளும் கல். இரக்கமும் நீதியும் ஒரே சுவரில் இடம்பெற்றிருந்தன.

பிள்ளையைக் காப்பாற்றினால் மட்டும் போதுமா? அவர்கள் வாழ வழி வேண்டுமல்லவா? ஆண்பிள்ளைகள் ஒரு கைத்தொழிலைப் பழகி, இளமையிலேயே வெளியே அனுப்பப்பட்டனர். பெண்பிள்ளைகளுள் பெரும்பாலோர் தையல், பின்னல், சமையல், துணி துவைத்தல் முதலிய வேலைகளைப் பழகினர். குரல்வளமும் செவிநுட்பமும் உள்ளவரெனக் கண்டறியப்பட்ட சிறுமியரோ இசைக்குழுவுக்கெனத் தெரிந்தெடுக்கப்பட்டனர். வெனிசில் இவ்வாறு இசை கற்பித்த பெரிய இல்லங்கள் நான்கு இருந்தன; அவற்றுள் ஒன்று பியெத்தா.

அங்கு நிலவிய கற்பித்தல் முறை நம் கவனத்துக்குரியது. வெளியிலிருந்து வரும் ஆசிரியர் சிலரே. மூத்த பெண்களே இளைய சிறுமியருக்கு நாள்தோறும் கற்பித்தனர். தான் பெற்றதைப் பின்னால் வருபவருக்குக் கையளிப்பது ஒவ்வொருத்தியின் கடமையாயிற்று. வயலின், செலோ, புல்லாங்குழல், ஓர்கன் மட்டுமன்றி, பெண்களுக்கு ஒவ்வாதவை என அக்காலத்தவர் எண்ணிய பெரிய துளைக்கருவிகளையும் அவர்கள் வாசித்தனர். ஆண்களுக்குரிய தாழ்ந்த குரற்பகுதிகளையுங்கூடப் பெண்களே பாடினர். அவர்களின் இசையைக் கேட்க ஐரோப்பாவின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் திரண்டு வந்தனர். அவர்கள் அளித்த காணிக்கை மற்றைய பிள்ளைகளுக்கு உணவாயிற்று.

இந்த இல்லத்துக்கு 1703ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் வயலின் ஆசிரியராக வந்து சேர்ந்தவர்தான் அருட்தந்தை அந்தோனியோ விவால்டி. அவ்வாண்டு மார்ச் மாதத்திலேதான் அவர் குருத்துவ அருட்பொழிவு பெற்றிருந்தார். செந்நிறத் தலைமுடியின் காரணமாக அவரைச் ‘செந்நிறக் குருவானவர்’ என்றே ஊரார் அழைத்தனர். பிறப்பிலிருந்தே அவரைத் துன்புறுத்திய நெஞ்சு நோயினால் சில காலத்திலேயே திருப்பலி ஒப்புக்கொடுப்பதை அவர் நிறுத்த நேர்ந்தது. இல்லத்தின் நிர்வாகிகளோ அவரைத் தொடர்ந்து வைத்திருப்பதா என்று வாக்கெடுப்பு நடத்தினர். 1709இல் அவர் பதவியை இழந்து, 1711இல் மீண்டும் அழைக்கப்பட்டார். இத்தகைய நிலையற்ற வாழ்வுக்கிடையேதான் அச்சிறுமியரின் கைகளையும் குரல்களையும் மனத்திற்கொண்டு அவர் இசை எழுதிக் குவித்தார்.

அவருடைய மாணவியருள் ஒருத்தி அன்னா மரியா. குழந்தையாக அங்கு விடப்பட்டவள். அவளுக்குக் குடும்பப் பெயர் இல்லை. ஆதலால், அங்கிருந்த மற்றையோரைப் போலவே, அவள் கற்ற கருவியே அவளுக்குப் பெயராயிற்று: ‘வயலின் அன்னா மரியா’. தகப்பன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அவளுடைய உழைப்பின் பெயர் நின்றது. விவால்டி இருபதுக்கும் மேற்பட்ட வயலின் படைப்புகளை அவளுக்கென எழுதினார். பிற்காலத்தில் அவளே அவ்வில்லத்தின் வயலின் ஆசிரியையாக உயர்ந்து, தலைமுறை தலைமுறையாகச் சிறுமியரைப் பயிற்றுவித்து, 1782ஆம் ஆண்டு முதுமையில் அங்கேயே கண்மூடினாள்.

1716ஆம் ஆண்டு, யூதித்து நூலைத் தழுவி விவால்டி எழுதிய பெரும் இசை நாடகம் பியெத்தாவில் அரங்கேறியது. ஒலோபெர்ன் என்னும் படைத்தலைவனின் பாத்திரம் உட்பட அனைத்தையும் பெண்பிள்ளைகளே பாடினர். தன் மக்களைக் காக்க எழுந்த கைம்பெண் ஒருத்தியின் கதையை, தமக்கென எவருமற்ற இளம்பெண்கள் பாடியதை எண்ணிப் பாருங்கள்.

ஆயினும், இக்கதையின் மறுபக்கத்தை மறைத்துவிடுவது நேர்மையாகாது. அப்பெண்கள் ஆலயத்தின் மாடத்திலே இரும்புக் கம்பித் தடுப்புக்குப் பின்னால் நின்றே பாடினர். குரல் கேட்கும், முகம் தெரியாது. இத்தகைய மற்றோர் இல்லத்தின் பாடலை 1740களில் கேட்ட சிந்தனையாளர் ரூசோ, அங்கே தேவதைகள் இருப்பதாகக் கற்பனை செய்தார். பின்னர் அவர்களை நேரிற் சந்தித்தபோது, ஒருத்திக்கு ஒரு கண் இல்லை. இன்னொருத்தியின் முகத்தை அம்மைத் தழும்புகள் உருக்குலைத்திருந்தன. அவர் திகைத்துப் போனார். எனினும், பேசிப் பழகியபின் அவர்களின் உள்ளத்தழகை உணர்ந்ததாகவும், அதன்பின்னரும் அவர்களின் பாடல் தமக்கு இனித்ததாகவும் அவரே எழுதிவைத்துள்ளார்.

தடுப்பு முகத்தை மட்டுமா மறைத்தது? இல்லத்தைவிட்டுத் திருமணம் செய்து செல்லும் பெண்ணுக்கு இல்லம் சீதனம் வழங்கியது. ஆனால் இனி மேடைகளில் இசைப்பதில்லை என்ற உறுதியையும் வாங்கிக்கொண்டது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் பயின்ற கலையை வாசற்படியிலே இறக்கி வைத்துவிட்டே அவள் புதுவாழ்வுக்குச் செல்லவேண்டும். விதிவிலக்காக விளங்கினார் மதலேனா லொம்பார்தினி. மற்றோர் இல்லத்தில் ஏழு வயதுமுதல் பயின்ற அவர், 1767இல் வயலின் கலைஞர் ஒருவரை மணந்து, பாரிஸ், இலண்டன் நகரங்களின் மேடைகளில் வாசித்தார். தாமே இசைப்படைப்புகளை எழுதி அச்சேற்றினார். கதவு திறந்தால் அப்பெண்களால் எவ்வளவு தூரம் செல்ல முடியும் என்பதற்கு அவர் சாட்சி. திறக்கப்படாத கதவுகளுக்குப் பின்னால் எத்தனை மதலேனாக்கள் இருந்தனரோ, இறைவன் ஒருவரே அறிவார்.

விவால்டி 1741ஆம் ஆண்டு வியன்னாவில் வறியவராக இறந்தார். அவரது இசையையும் உலகம் மறந்தது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளின் பின்னர், 1926இல், இத்தாலியின் பியெமொந்தே பகுதியில் சலேசியன் துறவியரின் கல்லூரி ஒன்றில் அவருடைய கையெழுத்துப் பிரதிகள் கட்டுக்கட்டாகக் கண்டெடுக்கப்பட்டன. அவற்றை வாங்கத் தூரின் நகர நூலகத்திடம் பணம் இருக்கவில்லை. அப்போது, இளவயதிலேயே தன் மகனைப் பறிகொடுத்த ஒரு தந்தை, அப்பிள்ளையின் நினைவாக அவற்றை வாங்கி நூலகத்துக்கு அளித்தார். எஞ்சிய பகுதி கிடைத்தபோது, அவ்வாறே மகனை இழந்த இன்னொரு தந்தை அதனை வாங்கித் தந்தார. அவ்விரு தொகுதிகளும் இன்றும் அக்குடும்பங்களின் பெயரையே தாங்கி நிற்கின்றன. 1939இல் சியேனா நகரில் அந்த வானவர் கீதம் மீண்டும் ஒலித்தது.

வாசகர்களே, இறைவனின் வழிகளைப் பாருங்கள். பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட இசையை, பிள்ளையை இழந்த பெற்றோர் காப்பாற்றித் தந்திருக்கின்றனர். சுவர் மாடத்தில் விடப்பட்ட பாதிப் பதக்கத்துக்கு, நெடுங்காலத்தின் பின் மறுபாதி வந்து சேர்ந்தது போலல்லவா இருக்கின்றது! தாய் மறந்தாலும் தாம் மறவேன் என்று எசாயா வழியாக இறைவன் தந்த வாக்கு பொய்க்கவில்லை.

இப்போது உங்கள் இல்லத்தை நோக்குங்கள். உங்கள் மகளுக்கு இறைவன் ஒரு தாலந்தைத் தந்திருக்கலாம். அது இசையாக இருக்கலாம், வேறொன்றாகவும் இருக்கலாம். அதைக் கற்பிக்க நாம் பணமும் நேரமும் செலவிடுகின்றோம்; ஆலயத்திலே அவள் பாடும்போது மகிழ்கின்றோம். ஆனால் பெரியவளானதும், “இனிப் போதும்” என்று சொல்லும் கம்பித் தடுப்பு ஒன்றை நாமே எழுப்புவதில்லையா? திருமணப் பேச்சு வந்ததும், கற்ற கலையை வாசற்படியில் இறக்கி வைக்கும்படி நாமும் கேட்பதில்லையா? தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியனை ஆண்டவர் கண்டித்தார் என்பது நமக்குத் தெரியும். பிறருடைய தாலந்தைப் புதைப்பவருக்கு அவர் என்ன சொல்வார்?

அடுத்த ஞாயிறு வானவர் கீதம் ஒலிக்கும்போது, முகமறியாத அப்பெண்பிள்ளைகளை ஒரு கணம் நினையுங்கள். பின்னர், உங்கள் அருகில் நின்று பாடும் மகளின் முகத்தைப் பாருங்கள்.