காணாத உயிர்கள் - 17
குழந்தை உண்ணாத சர்க்கரை

சென்ற வாரம் ஸெம்மல்வைஸைப் பற்றிச் சொன்னேன். 1847இல் வியன்னாவின் பிரசவ விடுதியில் வைத்தியர்களைக் குளோரின் நீரில் கைகழுவச் செய்து தாய்மாரின் உயிரைக் காத்தவர் அவர் என்பதற்கு மேல், தொடர்ந்து படித்துவரும் அன்பர்களுக்கு அந்தச் சரித்திரத்தை மீண்டும் விரித்துரைப்பது அவசியமில்லை. இந்த வாரம் எழுதுவதாக வாக்களித்திருந்தது, கைக்குழந்தையைப் பேருந்திலும் கல்யாணக் கூடத்திலும் கோயில் திருவிழாவிலும் கொண்டு செல்லலாமா என்பதைப் பற்றி.

அப்படி வாக்களிக்கத் தூண்டியது ஒரு கடிதம். திண்டுக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் எழுதியிருந்தார். தலைச்சன் குழந்தை, இரண்டரை மாதம்; இன்னும் ஐந்து வாரத்தில் திருநெல்வேலியில் தம்பிக்குக் கல்யாணம்; ரயிலில் போக வேண்டும். பச்சைப் பிள்ளையைக் கூட்டத்தில் கொண்டுபோனால் சீக்கு ஒட்டிக்கொள்ளும் என்று மாமியார் தடுக்கிறார். கணவரோ கிருமிநாசினிப் புட்டி ஒன்றைத் தொட்டிலருகில் வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவர் கையிலெல்லாம் ஊற்றுவதோடு, தொட்டில் கம்பியையும் கிலுகிலுப்பையையும் நாளுக்கு நாலு தடவை துடைக்கிறார். "தாய்மாமன் கல்யாணத்தைப் பிள்ளை பார்க்க வேண்டாமா, ஐயா? நான்தான் பார்க்க வேண்டாமா?" என்று கடிதத்தை முடித்திருந்தார் அந்த அம்மாள்.

அதற்கு விடை எழுதத்தான் சனிக்கிழமை இரவு உட்கார்ந்தேன். திங்கட்கிழமை காலையில் கட்டுரை அச்சுக்குப் போயாக வேண்டும். ஆனால் விடைக்காகப் புரட்டிய ஏடுகளில் ஒரு செய்தி என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. ஞாயிறு முழுவதும் அதைத் தவிர வேறெதையும் நினைக்க முடியவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரயிலும் கல்யாணமும் சற்றே காத்திருக்கட்டும்.

தாய்ப்பாலில் பால்சர்க்கரையும் கொழுப்பும் புரதமும் இருப்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. இவற்றோடு வேறொரு ஜாதிச் சர்க்கரையும் அதில் இருக்கிறது. சின்னஞ்சிறு சர்க்கரைத் துணுக்குகள் சங்கிலி சங்கிலியாகவும் கிளை கிளையாகவும் பிணைந்த அந்தச் சர்க்கரையில் 150க்கும் மேற்பட்ட வடிவங்கள் இதுவரை இனம் காணப்பட்டிருக்கின்றன. ஒரு லிட்டர் தாய்ப்பாலில் இது 5 முதல் 15 கிராம் வரை இருக்கும். பாலில் உள்ள புரதத்தின் அளவுக்கு ஏறக்குறைய ஈடு. பிரசவித்தவுடன் சுரக்கும் சீம்பாலில் இன்னும் அதிகம். பசும்பாலில் மிக அற்பம். பிள்ளைபெற்று ஓய்ந்து கிடக்கும் தாயின் தேகம், தன் உணவிலிருந்தும் ரத்தத்திலிருந்தும் கிள்ளிக் கிள்ளி எடுத்து இவ்வளவு பிரயாசையோடு சமைத்துக் கொடுக்கும் இந்தச் சர்க்கரையை, அந்தக் குழந்தையால் ஜீரணிக்க முடியாது. அதை உடைப்பதற்கு வேண்டிய நொதி மனிதக் குழந்தையின் குடலில் இல்லவே இல்லை. இரைப்பையையும் சிறுகுடலையும் கடந்து, அது பெரும்பாலும் வந்த வடிவத்திலேயே பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது.

அங்கே அதற்காகக் காத்திருப்பவை கிருமிகள். பிஃபிடோ என்ற வர்க்கத்தைச் சேர்ந்த சில கிருமிகளிடம், அவற்றுள்ளும் முக்கியமாகச் சிசுவின் பெயரையே தாங்கிய இன்ஃபான்டிஸ் என்ற கிருமியிடம், குழந்தையிடம் இல்லாத அந்த நொதிகள் இருக்கின்றன. தாய் கொடுத்த சர்க்கரையை உண்டு அவை பல்கிப் பெருகுகின்றன. பெருகியவை புளிப்பு அமிலங்களைச் சுரந்து, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் துஷ்டக் கிருமிகள் தலையெடுக்க முடியாதபடி அந்த இடத்தை மாற்றிவிடுகின்றன. மேலும், நோய்க்கிருமிகள் குடற்சுவரைப் பற்றுவதற்கு எந்தச் சர்க்கரை முனைகளைத் தேடுமோ, அதே முனைகள் இந்தப் பாற்சங்கிலிகளிலும் இருப்பதால், அவை ஏமாந்து இவற்றைப் பற்றிக்கொண்டு மலத்தோடு வெளியேறுவதும் உண்டு. ஆகவே தாய் ஒரே முலையில் இருவருக்குப் பாலூட்டுகிறாள்: ஒருவர் மடியில் கிடக்கும் குழந்தை, மற்றவர் குழந்தையின் வயிற்றில் குடியிருக்கும் கிருமிக் கூட்டத்தார்.

இதை எழுதும்போது, தொட்டிலருகே கிருமிநாசினிப் புட்டியோடு நிற்கும் அந்தத் தகப்பனாரை நினைத்துக்கொள்கிறேன். அவருடைய வாஞ்சை மெய்யானது; ஆனால் எந்தக் கூட்டத்தை அண்டவிடாமல் அவர் காவல் நிற்கிறாரோ, அதில் ஒரு பகுதியை அவருடைய மனைவியே அழைத்து வந்து சோறிட்டுக்கொண்டிருக்கிறாள்.

இந்தக் கூட்டத்தாரை முதன்முதலில் தேடிப் போனவர் யார் என்று பார்த்தேன். தியோடர் எஷரிக் என்ற ஜெர்மானியக் குழந்தை வைத்தியர். 1857இல் பிறந்தவர். 1884இல் நேப்பிள்ஸ் நகரத்தைக் காலரா சூறையாடியபோது அங்கே சென்று நோயாளிகளைக் கண்டார். ராபர்ட் காக் நம் கல்கத்தாவில் காலராக் கிருமியை உறுதி செய்ததும் அதே ஆண்டின் தொடக்கத்தில்தான். ஐரோப்பிய வைத்திய உலகம் முழுவதும் நோயாளிகளின் உடலில் கிருமியைத் தேடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மியூனிக் நகருக்குத் திரும்பிய இந்த இளைஞர், ஆரோக்கியமான குழந்தைகளின் மலத்தைச் சோதிக்கத் தொடங்கினார். பேதியால் சிசுக்கள் கொத்துக்கொத்தாக மாண்டுகொண்டிருந்தன; பேதிக் கிருமி எது என்று சொல்வதற்கு முன், நோயற்ற குழந்தையின் வயிற்றில் இருப்பவை எவை என்று தெரிந்தாக வேண்டும் என்பது அவர் நியாயம். எவ்வளவு எளிய நியாயம், எவ்வளவு பேருக்குத் தோன்றாத நியாயம்!

நம் பாட்டிமார் காட்டுப்பீ என்று சொல்லும் அந்தக் கரும்பச்சை நிற முதல் மலத்தை அவர் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். பிறந்த உடனே எடுத்ததில் கிருமி காணவில்லை. முதல் நாள் கழிவதற்குள்ளாகவே வரத் தொடங்கிவிட்டன. தாதியின் கை, தாயின் தோல், அறையின் காற்று, பாலூட்டும் முலை என்று பல வழிகளில் வந்த அந்தக் குடியேற்றத்தை, 1885இல் மியூனிக் சங்கம் ஒன்றில் அவர் விவரித்தார். அவர் விவரித்த கிருமிகளுள் ஒன்றுக்கு, எங்கும் காணப்படும் குடற்கிருமி என்ற பொருளில் ஒரு பெயரிட்டார், இன்று ஈ. கோலை என்று நாம் அழைப்பது அதையே. அந்த 'ஈ' என்ற எழுத்து அவருடைய பெயரின் முதலெழுத்து, 1919இல் வைக்கப்பட்டது. அவர் 1911இலேயே காலமாகிவிட்டார். கடைசி ஆண்டுகளில் வியன்னாவில் பேராசிரியராக அமர்ந்து, தாய்ப்பாலுக்காக ஊரெங்கும் பேசி வந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குழந்தையின் மலத்தை ஆராய்ந்தவர் கடைசியில் தாயின் பாலில் வந்து நின்றார்.

அடுத்த படி பாரிஸில். பாஸ்டர் நிலையத்தில் ஆன்ரி திஸியே என்பவர், தாய்ப்பால் குடித்த குழந்தைகளின் மலத்தில் கவட்டை போல இரண்டாகப் பிரிந்த கிருமியை 1899இல் கண்டார்; அதுவே பிஃபிடோ. அதை வளர்க்கும் பொருள் பாலில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளே என்று தெளிவாக அரை நூற்றாண்டு ஆயிற்று. பால் ஜியார்ஜி என்ற குழந்தை வைத்தியரும், ரசாயனத்தில் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் கூனும் 1950களில் அந்த வேலையைச் செய்தார்கள்.

சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே கொட்டிவிட்டு மூன்றாம் நாள் பாலூட்டும் வழக்கம் நம் வீடுகளில் நெடுங்காலம் இருந்தது. சில இடங்களில் இன்னும் இருக்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வற்புறுத்துவதன் அருமை, கொட்டப்படுவது என்ன என்று தெரிந்தவர்களுக்கே விளங்கும்.

பால் மட்டுமன்று. கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் தாயின் ரத்தத்திலுள்ள நோயெதிர்ப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குச் செல்கின்றன. எவ்வளவு தெரியுமா? நிறைமாதமாகப் பிறக்கும் குழந்தையின் ரத்தத்தில் அந்தப் புரதத்தின் அளவு, பெரும்பாலும் தாயின் ரத்தத்தில் உள்ளதற்குச் சமம் அல்லது அதைவிடச் சற்று அதிகம். கொடுத்தவளிடம் இருப்பதைவிடப் பெற்றுக்கொண்ட பிள்ளையிடம் மிகுதியாக இருக்கும்படி கொடுப்பது தாய்மைக்கு மட்டுமே இயல்வது. ஆனால் இந்தச் சீதனம் ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். குறைமாதத்தில் பிறந்த சிசுவுக்கு முழுதாகக் கிடைத்திராது. ஆகையால் அத்தகைய குழந்தைகளைப் பெற்றவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் கவலைப்படுவது நியாயமே.

இனி, பயப்பட வேண்டியவற்றுக்கு வருகிறேன். முதலில் தேன்.

என் தங்கைக்குப் பிள்ளை பிறந்த அன்று, எங்களை வளர்த்த அத்தை ஒரு சிறு வெள்ளிக் கிண்ணத்தில் மலைத்தேன் கொண்டு வந்தார். சேனை வைக்க வேண்டும். வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அத்தையின் குணம் அந்தப் பிள்ளைக்கு வருவதைவிடப் பெரிய பாக்கியம் இல்லை என்பதை நான் அறிவேன்.

"அத்தை, தேன் மட்டும் வேண்டாம்" என்றேன்.

"உனக்கு வைத்தது இந்தக் கைதானேடா? நீ நன்றாகத்தானே இருக்கிறாய்?" என்றார்.

அவருக்கு அன்று நான் சொன்ன காரணத்தையே இங்கும் சொல்கிறேன். தேனில் க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கக் கூடும். கொதிக்க வைத்தாலும் அவை அழியா. நாம் உண்டால் ஒன்றும் நேராது. நம் குடலில் இடமெல்லாம் பிறர் குடியேறி நிறைந்திருப்பதால் அந்த வித்து முளைக்க இடமில்லை. எஷரிக் கண்ட குடியேற்றம் இன்னும் முடியாத சிசுவின் குடலில் இடம் உண்டு. அங்கே அது முளைத்து விஷத்தைச் சுரக்கலாம். மலம் கட்டுவதும், அழுகுரல் மெலிவதும், பால் உறிஞ்சும் வலிமை குன்றுவதும், இமைகள் தாழ்ந்து உடல் துவளுவதும் அதன் அடையாளங்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1976இல்தான் வைத்தியர்கள் இதைத் தனி நோயாக அறிந்துகொண்டார்கள். ஒரு வயது நிறையும்வரை தேன் ஒரு துளியும் கூடாது. இது அபூர்வமான நோய்தான். ஆனால் தேனைத் தவிர்ப்பதற்கு யாதொரு செலவுமில்லை.

அத்தை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்தபோது கிண்ணம் இல்லை. நேரே கிணற்றடிக்குப் போய், முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, முந்தானையில் துடைக்காமல் காற்றில் உலரவிட்டுப் பிறகுதான் பிள்ளையை வாங்கிக்கொண்டார். கையைப் பற்றி நான் வாரந்தோறும் எழுதுவதாகக் குறைப்படும் அன்பர்கள் இதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கூட்டத்தைப் பற்றி, அந்த அம்மாளுக்கு உடனே தேவைப்படும் அளவுக்கு மட்டும் இப்போது சொல்கிறேன். ரயில் பெட்டியின் கம்பியும் இருக்கையும் மடியில் உறங்கும் குழந்தையின் வாய்க்கு எட்டுவதில்லை. எட்டுவது முகத்தருகே குனிந்து கொஞ்சுபவர்களின் மூச்சும், கன்னத்தைக் கிள்ளி வாயில் ஒற்றும் விரல்களுமே. கக்குவான் இருமல் பெரியவர்களுக்கு வெறும் நாட்பட்ட இருமலாக இருந்துவிட்டு, சிசுவிடம் தாவும்போது மூச்சையே நிறுத்திவிடும். அதைக் கொண்டுவருபவர் பெரும்பாலும் வீட்டு மனிதரே, வழிப்போக்கர் அல்லர். உதட்டோரத்தில் நீர்க்கொப்புளம் உள்ளவர் பிறந்து ஒரு மாதமாகாத குழந்தையை முத்தமிடுவது உயிருக்கே ஆபத்தாகலாம். பிள்ளைபெற்றவளையும் பிள்ளையையும் தீட்டு என்ற பெயரால் சில வாரம் கூட்டத்திலிருந்து ஒதுக்கி வைத்த நம் முன்னோரின் வழக்கத்தில், தாயை அவமதித்த பகுதியைத் தள்ளிவிட்டு, சிசுவைக் காத்த பகுதியை வைத்துக்கொள்வது தகும் என்பதே என் அபிப்பிராயம்.

ஆகையால் அம்மா, கல்யாணத்துக்குப் போய் வாருங்கள். ஆறு, பத்து, பதினான்காவது வாரங்களில் போட வேண்டிய தடுப்பூசிகளை நாள் தவறாமல் போட்டுக்கொண்டு புறப்படுங்கள். நீங்கள் சொல்லும் கணக்குப்படி மூன்றாவது ஊசியும் முகூர்த்தத்துக்கு முன்பே முடிந்துவிடும். வழியிலும் முலைப்பாலே கொடுங்கள். நீங்கள் சுவாசிக்கும் கிருமிகளுக்கு எதிரான புரதங்களை உங்கள் உடலே தயாரித்து அந்தப் பாலில் கலந்துவிடும். இருமுகிறவர், மூக்கு ஒழுகுகிறவர் யாரானாலும், சம்பந்தியே ஆனாலும், கையில் கொடுக்காதீர்கள். திருநெல்வேலியில் தட்டம்மை நடமாடுகிறது என்று கேள்விப்பட்டால் மட்டும் பயணத்தைக் கைவிடுங்கள். அந்தக் கிருமி நோயாளி எழுந்துபோன பின்னும் இரண்டு மணி நேரம் வரை அறையின் காற்றில் தங்கும், அதற்கான ஊசியோ ஒன்பதாம் மாதத்தில்தான். கிருமிநாசினிப் புட்டியை உங்கள் கணவர் கிலுகிலுப்பைக்குச் செலவிடாமல், தண்ணீர் கிடைக்காத இடத்தில் கைகளுக்கு வைத்துக்கொள்ளட்டும்.

பேருந்தையும் கோயில் திருவிழாவையும், தவழும் பிள்ளை மண்ணை வாயில் போடுவதையும், உடன்பிறந்தோர் நிறைந்த வீடுகளில் ஒவ்வாமை குறைவு என்று 1989இல் டேவிட் ஸ்ட்ராச்சன் எழுதியதையும் அடுத்த வாரம் பார்ப்போம். ஒன்றை மட்டும் அதுவரை தள்ளிவைக்க எனக்கு மனமில்லை. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு உடல் வெப்பம் 100.4 டிகிரியை, அதாவது 38 செல்சியஸை எட்டினால், கைமருந்து கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. விடியட்டும் என்று இருக்கவும் கூடாது. நடுநிசியானாலும், முகூர்த்த நேரமே ஆனாலும், அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.