பலாமரத்தையும் எண்ணுவார்கள், தெரியுமா?

மாத்தளை நகரிலிருந்து வடக்கே ஏ9 வீதியில் 3 கிலோமீற்றர் போனால் அலுவிகாரை. பாறைகளுக்கு நடுவே ஒரு பழைய விகாரை. யாழ்ப்பாண பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலால் எட்டிப் பார்ப்பதற்குள் இடம் கடந்துவிடும். அங்கே என்ன நடந்தது தெரியுமா?

அதுவரை வாய்ப்பாடமாகவே வந்த திரிபிடகம் முதன்முதலாக ஓலையில் ஏறியது இந்தப் பாறைகளுக்கு இடையில்தான்! கி.மு. முதலாம் நூற்றாண்டு, வலகம்பா மன்னன் காலம். உட்கார்ந்து எழுதியவர்கள் 500 பிக்குகள் என்கிறது மரபு! ஏன் அந்த அவசரம்? நாட்டில் கொடும் பஞ்சம். மனப்பாடம் செய்து வைத்திருந்தவர்கள் செத்துவிட்டால் நூலும் அவர்களோடு போய்விடுமே!

எழுதிய ஓலை தாளிப்பனை ஓலை. அந்த மரம் வாழ்நாளில் எத்தனை தடவை பூக்கும் தெரியுமா? ஒரே ஒரு தடவை! பூத்துக் காய்த்து முடிந்ததும் பட்டுப்போய்விடும்!

ஊராரின் நினைவில் மட்டும் இருப்பதை எழுத்தில் ஏற்றும் வேலை இந்த நாட்டில் இன்னும் ஓயவில்லை. காணி எவ்வளவு, மரம் எத்தனை, மாடு எத்தனை, கோழி எத்தனை என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுகிறார்களே, அந்த விவசாயத் தொகைமதிப்பைத்தான் சொல்கிறேன். அதற்குள் இருக்கும் அதிசயங்கள் கொஞ்சமா?

அலுவிகாரைப் பக்கம் ஒரு வீட்டுத்தோட்டத்துக்குள் நுழையுங்கள். முதலில் நிற்பது பலாமரம். அதைக் கட்டிப்பிடித்து ஏறுகிறது மிளகுக்கொடி. பக்கத்தில் கமுகு. கமுகில் வெற்றிலைக்கொடி. அவற்றின் நிழலில் சாதிக்காய், கராம்பு. அதற்கும் கீழே கோப்பி. கோப்பிக்கும் கீழே இஞ்சி, மஞ்சள்! கிணற்றடியில் வாழை, வேலி முழுக்கக் கிளிரிசிடியா, ஒவ்வொரு கிளிரிசிடியாவிலும் இன்னொரு மிளகுக்கொடி! எல்லாம் எத்தனை பேர்ச்சஸில்? நாற்பதில்! அதாவது கால் ஏக்கரில்!

இப்போது சொல்லுங்கள், இந்தக் காணியில் மிளகு எத்தனை ஏக்கர்? பலா எத்தனை ஏக்கர்? பதில் சொல்ல முடிகிறதா? அதனால்தான் இப்படிப்பட்ட இடங்களில் ஏக்கரை விட்டுவிட்டு மரத்தையே எண்ணுகிறார்கள்! ஆம், பலா, தென்னை, ஈரப்பலா, ஒவ்வொன்றாக! காய்க்கும் வயது மரம் வேறு, இன்னும் காய்க்காத மரம் வேறு!

எண்ணுவது சுலபம் என்று நினைக்கிறீர்களா? சாதிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. காய்ப்பது பெண்மரம்தான். விதை போட்டு வளர்த்த கன்று ஆணா பெண்ணா என்று எப்போது தெரியும்? பூக்கும்போது! அதற்கு ஆறேழு வருடம் போய்விடும்! அதுவரை அந்தக் கன்றை நம்பிக்கையோடு எண்ணி வைக்க வேண்டியதுதான்!

ஒரு குடும்பத்துக்கு ஒரு துண்டு நிலம்கூட இல்லை, இரண்டு ஆடு மட்டும் இருக்கிறது என்று வையுங்கள். அந்தக் குடும்பம் இந்தக் கணக்கில் வருமா? உலக உணவு விவசாய நிறுவனத்தின் வரையறைப்படி வரும்! காணி உறுதி யார் பெயரில் இருக்கிறது என்பதையும் அந்த வரையறை பார்ப்பதில்லை. யார் தீர்மானம் எடுத்துப் பயிர் செய்கிறாரோ, யார் கால்நடையை வளர்க்கிறாரோ, அவர்தான் கணக்கு! குத்தகைக்குச் செய்பவரும், அடுத்தவர் காணியில் கொத்திப் பிழைப்பவரும் தலை நிமிர்ந்து பதில் சொல்லலாம். எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த விதி இதுதான்!

இலங்கையில் தோட்டம் என்று எதைச் சொல்கிறார்கள் தெரியுமா? ஒரே நிர்வாகத்தின் கீழ் 20 ஏக்கரோ அதற்கு மேலோ இருந்தால் பெருந்தோட்டம்! 19 ஏக்கராக இருந்தால்? சிற்றுடைமை! ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலை போட்டாரே, இலங்கைத் தேயிலைக் கைத்தொழிலுக்கே அதுதான் தொடக்கம், அது எத்தனை ஏக்கர் தெரியுமா? சரியாக 19! இன்றைய கணக்கில் அந்த ஒரு துண்டு தனியாக இருந்திருந்தால் அதற்குத் 'தோட்டம்' என்ற பெயரே கிடைத்திருக்காது!

பெருந்தோட்டத்துக்குப் படிவமே வேறு. லயத்துக்குப் பின்னால் ஒரு மாட்டுக்கொட்டில், நாலு மரக்கறிப் பாத்தி இருக்கிறதல்லவா? அந்த மாட்டை வளர்ப்பவர் தொழிலாளி. அது அவர் பெயரில்தான் ஏற வேண்டும். விட்டுவிடக் கூடாது!

ஏக்கர், பேர்ச்சஸ் எல்லாம் நேற்று வந்தவை. அதற்கு முன் வயலை எதனால் அளந்தார்கள்? விதைநெல்லால்! எவ்வளவு நெல் விதைக்கலாமோ அதுதான் வயலின் அளவு! சிங்களத்தில் அமுண, தமிழில் அவணம். யாழ்ப்பாணத்துக்குப் போனால் பரப்பு. 16 பரப்பு ஓர் ஏக்கர்! ஒரே தீவுக்குள் இத்தனை அளவு. கணக்கெடுக்க வந்தவர் எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு மாற்றி எழுத வேண்டும்!

ஒல்லாந்தர் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆள் வாரியாக, காணி வாரியாகப் பேரேடு எழுதினார்கள். அதன் பெயர் தோம்பு! கண்டி இராச்சியத்திலும் காணிக்கும் அதற்குரிய ஊழியத்துக்கும் ஏடு இருந்தது. அதன் பெயர் லேகம்மிட்டி!

இன்னும் பின்னால் போவோமா? ஆயிரம் ஆண்டுக்கு முன் இராசராச சோழன் நிலம் அளந்தான். அந்தக் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் வரும் மிகச் சிறிய பின்னம் எது தெரியுமா? ஒரு வேலியில் 5,242 கோடியே 88 இலட்சத்தில் ஒரு பங்கு! வேலி என்பது ஏறத்தாழ 6.6 ஏக்கர். கணக்குப் போட்டுப் பாருங்கள், அரை சதுர மில்லிமீற்றர் வருகிறது! ஒரு கடுகை வைக்கக்கூட இடம் போதாது! ஈழமண்டலத்து ஊர்களும் தஞ்சைப் பெரிய கோயிலின் வருமானக் கணக்கில் எழுதப்பட்டிருக்கின்றன!

அதே கோயிலில் ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய எத்தனை ஆடு வேண்டும்? 96! ஆட்டுக்குப் பதில் பசு என்றால் 48, எருமை என்றால் 16! பொறுப்பெடுத்த இடையர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குப் பெயர் என்ன தெரியுமா? 'சாவா மூவாப் பேராடு'! ஒன்று செத்தால் குட்டி அந்த இடத்துக்கு வரும், எண்ணிக்கை மட்டும் குறையவே கூடாது!

எண்ணுகிறார்கள் என்றதும் நம் ஊரில் ஏன் வாய் மூடிக்கொள்கிறது? அதற்கும் மாத்தளையில் ஒரு கதை உண்டு. 1848இல் ஆளுநர் டொரிங்டன் புதிய வரிகளைக் கொண்டுவந்தார். துப்பாக்கிக்கு வரி, வண்டிக்கு வரி, கடைக்கு வரி. இவற்றோடு இன்னொன்று, சொன்னால் நம்ப மாட்டீர்கள், நாய்க்கும் வரி! வீட்டு வாசலில் படுத்திருக்கும் நாயை எண்ணிவிட்டுப் போனால் காசு கட்ட வேண்டும்! ஜூலை 26ஆம் திகதி தம்புள்ளையில் கிளர்ச்சிக்காரர்கள் கொங்காலேகொட பண்டாவுக்கு முடி சூட்டினார்கள். இரண்டே நாளில் கிளர்ச்சி மாத்தளை நகருக்குள் வந்தது! ஆகஸ்ட் 8ஆம் திகதி இன்னொரு கிளர்ச்சித் தலைவர் புரன் அப்புவைச் சுட்டுக் கொன்றார்கள். பண்டாவை மலாக்காவுக்கு நாடு கடத்தினார்கள். அந்த அடக்குமுறையில் எரிந்தவற்றில் ஒன்று எது தெரியுமா? அலுவிகாரையின் ஏட்டு நூலகம்! எழுதி வைத்த ஊரிலேயே எழுத்து எரிந்தது!

அந்தப் பயத்தைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இன்று நிலைமை வேறு. தொகைமதிப்பில் நீங்கள் சொல்லும் தனிப்பட்ட விபரத்தை வெளியிடச் சட்டம் இடம் கொடுப்பதில்லை!

இலங்கையில் விவசாயத் தொகைமதிப்பு எப்போதெல்லாம் நடந்தது? 1946, பிறகு 1952, 1962, 1973, 1982 என்று ஏறத்தாழப் பத்தாண்டு கணக்காக ஓடி வந்தது. அடுத்தது? 2002! இருபது வருட இடைவெளி! எத்தனை காணி காடாகியிருக்கும், எத்தனை மாடு கட்டை அறுத்துக்கொண்டு போயிருக்கும், யோசித்துப் பாருங்கள். போர் நடந்த காலம் அது. பிறகு 2013/14 பொருளாதாரத் தொகைமதிப்போடு சேர்த்து விவசாயமும் எண்ணப்பட்டது.

உலகம் முழுக்க ஒரே முறையில் பண்ணைகளை எண்ண முதன்முதல் முயன்றது 1930இல்! 1940 சுற்றை உலகப்போர் குழப்பிவிட்டது. 1950 முதல் உலக உணவு விவசாய நிறுவனம் வழிகாட்டுகிறது. உலகில் மொத்தம் எத்தனை பண்ணை என்று நினைக்கிறீர்கள்? 60 கோடிக்கும் மேல்! அதில் நூற்றுக்கு 84 பண்ணைகள் 2 ஹெக்டயருக்கும் குறைவு! அந்தச் சிறு பண்ணைகள் அத்தனையையும் ஒன்றாகக் கூட்டினால் உலக விளைநிலத்தில் எவ்வளவு வரும்? வெறும் 12 வீதம்தான்!

அமெரிக்கா 1840இல் முதல் தடவை எண்ணியபோது என்னென்ன கேட்டார்கள் தெரியுமா? பட்டுக்கூடு எத்தனை இறாத்தல் என்றுகூட!

இந்தியாவைப் பாருங்கள். 1970-71இல் சுமார் 7 கோடி உழவுக் காணிகள். 2015-16இல்? 14.6 கோடி! இரு மடங்கு! சந்தோஷப்படாதீர்கள், சராசரி அளவு 2.28 ஹெக்டயரிலிருந்து 1.08 ஆகச் சுருங்கிவிட்டது! அண்ணன் தம்பி பங்கு பிரித்த கதை முழுவதும் இந்த இரண்டு எண்ணுக்குள் அடங்கிவிட்டது!

அங்கே கால்நடைக்குத் தனிக் கணக்கே உண்டு. 1919இல் தொடங்கியது. 2019இல் எடுத்த 20ஆவது கணக்கில் ஆடு, மாடு, எருமை, பன்றி என்று எல்லாம் சேர்த்து 53 கோடியே 57 இலட்சம்! கோழி வாத்து தனியாக 85 கோடி! அதில் முதலிடம் எந்த மாநிலம் தெரியுமா? நம் தமிழ்நாடுதான், 12 கோடிக்கும் மேல்! கழுதை? நாடு முழுக்க வெறும் 1 இலட்சத்து 20 ஆயிரம்! முந்தைய கணக்கிலிருந்து நூற்றுக்கு அறுபதுக்கு மேல் காணாமல் போய்விட்டது! எண்ணாமல் விட்டிருந்தால் கழுதை அழிகிறது என்று யாருக்குத் தெரிந்திருக்கும்?

நெல் எவ்வளவு விளைந்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? எல்லா வயலையும் அறுத்து நிறுக்க முடியுமா? சீட்டுக் குலுக்குவது போலச் சில வயல்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு துண்டை மட்டும் அறுத்து, அடித்து, நிறுப்பார்கள்! பிகாரில் 1920களில் ஹப்பக் என்ற அதிகாரி முக்கோணச் சட்டம் வைத்து அறுத்தார். வங்காளத்தில் புள்ளிவிபரவியலாளர் மகலனோபிஸ் வட்டமாக அறுத்தார், ஆரை 4 அடி! இரண்டு கட்டில் போடக்கூட முழுதாகக் காணாத துண்டுகளைக் கொண்டு ஒரு மாகாணத்தின் சோற்றைக் கணக்குப் போட்டார்கள்!

இனி உங்களை உண்மையாகவே வாய் பிளக்க வைக்கும் கணக்கு. 2025 மார்ச் 15, சனிக்கிழமை. காலை 8 மணி. இலங்கை முழுவதும் மக்கள் தங்கள் வளவில், வயலில், கோயில் முற்றத்தில் படிவத்தோடு நின்றார்கள். எதை எண்ண? குரங்கு, மந்தி, மர அணில், மயில்! எவ்வளவு நேரம்? ஐந்தே ஐந்து நிமிடம்! 8.05க்கு முடிந்தது!

ஏன் தெரியுமா? மாத்தளையில் ஒரு குரும்பை முற்றுவதற்குள் குரங்கு பிடுங்கிப் போட்டுவிடும். கறிக்குத் தேங்காய் வாங்கக் கடைக்குப் போகிறார்கள், முற்றத்தில் ஐந்து தென்னை வைத்திருப்பவர்கள்! அந்த வயிற்றெரிச்சல்தான் இந்தக் கணக்குக்குப் பின்னால். முடிவு என்ன வந்தது? குரங்கு மட்டும் 50 இலட்சத்துக்கும் மேல்! மயில் 40 இலட்சத்துக்கும் மேல்! 2024 குடிசன மதிப்பின்படி நாட்டின் சனத்தொகை 2 கோடியே 17 இலட்சம். அப்படியென்றால் நாலு பேருக்கு ஒரு குரங்கு, ஐந்து பேருக்கு ஒரு மயில்! ஐந்து நிமிடக் கணக்கு எவ்வளவு சரி என்று சூழலியலாளர்கள் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஒரே குரங்கை மூன்று வீட்டுக்காரர் எழுதியிருக்கலாம். ஆனாலும் ஒரு நாடு முழுவதும் ஒரே நேரத்தில் தென்னை உச்சியைப் பார்த்துக்கொண்டு நின்ற காட்சியை நினைத்துப் பாருங்கள்!

கோழியை எப்போது எண்ண வேண்டும் தெரியுமா? பகலில் எண்ணினால் பாதி பக்கத்து வளவில் மேயும். மாலையில், கூட்டுக்குள் அடைந்த பிறகு எண்ணுங்கள். ஒன்றுகூடத் தவறாது!

மாத்தளை மாவட்டத்தில் கிராம உத்தியோகத்தர் பிரிவுகள் 545. நாடு முழுக்க 14 ஆயிரத்துக்கும் மேல். அடுத்த தொகைமதிப்புக்கு அவற்றில் ஒன்றிலிருந்துதான் உங்கள் படலைக்கு ஆள் வருவார். தண்ணீர் கொடுங்கள். வளவைச் சுற்றிக் காட்டுங்கள். கிணற்றடி முருங்கையையும், வேலிக் கிளிரிசிடியாவில் ஏறிய மிளகையும், கூடைக்குள் அடைகாக்கும் பேட்டையும் மறக்காமல் எழுதச் சொல்லுங்கள்!